பனி எத்தனை மணிக்கு விலகும்? ரஷ்யன் ரிவர் பள்ளத்தாக்கும் அதன் வைனும்

கலிஃபோர்னியா வைன் என்றால் நம் ஆட்களுக்கு நாபா பள்ளத்தாக்குதான். சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் இருக்கிற தமிழர்கள், ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் கூட்டிப்போவதும் அங்கேதான். அதற்கு மேற்கே, சோனோமா கவுண்டியில் இருக்கும் ரஷ்யன் ரிவர் பள்ளத்தாக்கு வேறு மாதிரி இடம். ஜூலை மாதக் காலை எட்டு மணிக்கு ஸ்வெட்டர் வேண்டும், மதியம் மூன்று மணிக்கு அரைக்கைச் சட்டையே அதிகம், இருட்டியதும் மறுபடி ஸ்வெட்டர். இத்தனைக்கும் இந்த ஊர் இருப்பது ஏறக்குறைய சிசிலித் தீவின் அட்சரேகையில். சூரியன் இரண்டு இடத்திலும் ஒரே உயரத்தில்தான் ஏறுகிறது. பினோ நுவார் (சிவப்பு வைனுக்கு), ஷார்டனே (வெள்ளை வைனுக்கு) போன்ற குளிர்நாட்டுத் திராட்சைகள் இங்கே உருப்படியாக விளைய ஒரே காரணம், தினமும் வந்து தினமும் போகிற மூடுபனி.

‘குளிர்ந்த பகுதி’ என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. பனி எவ்வளவு அடர்த்தி என்பதைவிட, எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்கு விலகுகிறது என்பதுதான் இங்கே காசு. தோட்டத்தின் விலை, நடுகிற ரகம், இலை கிள்ளும் பக்கம், மருந்தடிக்கும் இடைவெளி, அறுவடை நாள் எல்லாமே அந்த நேர அட்டவணைக்குள் அடங்கும்.

பனி எங்கிருந்து வருகிறது? கோடையில் வட பசிபிக்கின் மேல் ஒரு பெரிய உயர் அழுத்த மண்டலம் நிலைகொள்கிறது. அதன் கிழக்கு ஓரமாக, கலிஃபோர்னியக் கரையை ஒட்டி, வடமேற்குக் காற்று வீசுகிறது. பூமியின் சுழற்சியால் மேல்மட்டக் கடல்நீர் காற்று போகும் திசையிலேயே போகாமல் வலப்பக்கமாக விலகி, கரையைவிட்டு வெளியே தள்ளப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. போடெகா விரிகுடாவுக்கு வெளியே கோடை தொடங்கும்போதுகூட கடல் 10, 12 டிகிரி செல்சியஸில்தான் இருக்கும். ஈரக்காற்று அந்த நீரின் மேல் வரும்போது பனித்திவலையாகிறது. மேலே, உயர் அழுத்தத்தில் கீழிறங்கும் காற்று அழுந்திச் சூடாகி, பாத்திரத்துக்கு மூடி போட்டது போல அந்தக் குளிர்க்காற்றை அடக்கி வைக்கிறது. மூடி பெரும்பாலும் சில நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும்.

இதை உள்நாட்டுக்கு இழுப்பது கிழக்கே இருக்கும் மத்தியப் பள்ளத்தாக்கு. சாக்ரமென்டோவில் 38 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அங்கே சூடான காற்று மேலெழுந்து அழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்பக் கடற்காற்று பாய்கிறது. நடுவில் கரையோர மலைத்தொடர் மறிக்கிறது, ஆனால் இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. ஒன்று, ஜென்னரில் ரஷ்யன் நதி கடலில் சேரும் இடம். வடக்கே மெண்டோசினோவிலிருந்து தெற்கு நோக்கி வரும் நதி, ஹீல்ட்ஸ்பர்க்கைத் தாண்டியதும் மேற்கே திரும்பி மலையை அறுத்துக்கொண்டு போகிறது. அந்த வெட்டு வழியாகப் பனி எதிர்த்திசையில் ஏறி வருகிறது. இரண்டாவது, தெற்கே பெட்டலூமா இடைவெளி. போடெகாவுக்கும் டொமாலிஸ் விரிகுடாவுக்கும் நடுவில் மலை தாழ்ந்துபோன இடம் அது. பனியின் பெரும்பகுதியும் காற்றின் பெரும்பகுதியும் இந்தத் தெற்கு வாசல் வழியாகத்தான் வருகின்றன.

சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் காற்று எழும். இரவில் பனி தாழ்ந்த நிலங்களை நிரப்பும். காலை பத்து, பதினொரு மணிக்கு விலகும்; கடலுக்கு அருகில் பன்னிரண்டு கூட ஆகும். பகல் 29, 30 டிகிரி தொட்ட இடத்தில் அதிகாலை 10, 11 டிகிரி என்பது சாதாரணம். கிட்டத்தட்ட இருபது டிகிரி வித்தியாசம்.

இந்த வித்தியாசத்தைப் பிடிக்கத் தெரியாத ஒரு அளவுகோலைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். டேவிஸ் பல்கலைக்கழகத்தின் அமெரின், விங்க்லர் இருவரும் 1944இல் வெளியிட்ட வெப்பக் கூட்டல் முறை அது. ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை ஒவ்வொரு நாளின் சராசரியிலிருந்து 10 டிகிரி செல்சியஸைக் கழித்து, மிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ரஷ்யன் ரிவரில் ஒரு நாள் அதிகபட்சம் 28, குறைந்தபட்சம் 10 என்று வையுங்கள். சராசரி 19, கணக்கில் சேர்வது 9. இன்னொரு ஊரில் அதிகபட்சம் 23, குறைந்தபட்சம் 15, அங்கேயும் 9. கூட்டுத்தொகை ஒன்று, திராட்சை ஒன்றல்ல. முதல் ஊரில் பகலில் சர்க்கரை சேர்கிறது, இரவில் அமிலம் தங்குகிறது.

காரணம் மாலிக் அமிலம். திராட்சையில் முக்கியமாக இரண்டு அமிலங்கள் இருக்கின்றன. டார்டாரிக் அவ்வளவு சீக்கிரம் குறையாது. மாலிக்கைப் பழம் சுவாசத்துக்கு எரித்துவிடும். சூடு கூடக் கூட வேகமாக எரிக்கும். ஒரு நாளில் பதினான்கு மணி நேரம் பனிக்குள் கிடக்கிற கொத்து அதை மெதுவாகத்தான் இழக்கும். பினோ நுவாருக்கு இன்னொரு லாபமும் உண்டு. அதன் தோல் மெல்லியது, நிறமிகள் குறைவு, இருக்கிற நிறமிகளும் சூட்டில் சீக்கிரம் சிதைபவை. 35 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் கிடந்தால் வெளிறிப்போய், வாசனையும் வெந்த பழமாகிவிடும். பனி அந்த உச்சங்களைத் தட்டி வைக்கிறது. பூத்ததிலிருந்து அறுவடை வரை சுமார் 100 முதல் 120 நாள் கிடைக்கிறது. சுருக்கமாக, பனி கொடுப்பது அவகாசம். அதை விவசாயியும் வைன் செய்பவரும் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதில்தான் புட்டிக்குப் புட்டி வேறுபாடு.

மலைமேல் ஏறினால் குளிரும் என்ற நம் பழக்கம் இங்கே பொய்யாகும். மேற்கே கடலோர முகட்டில் இருக்கும் ஃபோர்ட் ராஸ்–சீவ்யூ பகுதியில் தோட்டங்கள் சுமார் 280 மீட்டருக்கு மேல்தான் போடப்பட்டிருக்கின்றன. அங்கே நின்றால் பனி காலுக்குக் கீழே கடல் மாதிரி கிடக்கும்; கொடிகள் வெயிலில் நிற்கும். கடலிலிருந்து சில கிலோமீட்டர்தான், ஆனால் அதே காலையில் இருபது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் தாழ்வான தோட்டத்தைவிட அங்கே வெதுவெதுப்பு அதிகம். கடலுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்பதைவிட, பனியின் மேல்மட்டத்துக்கு மேலா கீழா என்று கேட்பது உபயோகம்.

1983இல் ரஷ்யன் ரிவர் பள்ளத்தாக்கை அதிகாரபூர்வ திராட்சைப் பகுதியாக அறிவித்தபோது, எல்லை வரைய வைத்த முக்கிய வாதம் பனிதான். பிறகு 2005இலும் 2011இலும் எல்லை விரிந்தது. 2011 விரிவுக்கு எதிர்ப்பும் இருந்தது. பெரிய நிறுவனமொன்றின் தோட்டத்தை உள்ளே கொண்டுவரத்தான் என்று சொன்னவர்கள் உண்டு. அங்கேயும் அதே பனி வருகிறது என்று பதில் சொன்னவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் சொன்னது சரிதான் என்பது என் கட்சி. ஆனால் விளைவு என்னவென்றால், இன்று புட்டியில் ‘ரஷ்யன் ரிவர் வேலி’ என்று மட்டும் இருந்தால் பெரிதாக எதுவும் தெரிந்துவிடாது. உள்ளூர்க்காரர்கள் அக்கம்பக்கமாகப் பிரித்துப் பேசுகிறார்கள்.

ஹீல்ட்ஸ்பர்க்கிலிருந்து வெஸ்ட்சைட் சாலை நெடுக நதியோரமாக வருவது ‘மிடில் ரீச்’. பனி இங்கே கடைசியில் வந்து முதலில் விலகும். பினோ வாயில் மென்மையாக நிறைந்து, கறுத்த செர்ரியும் கோலா பானத்தின் வாசனையுமாக இருக்கும். தென்மேற்கே ‘கிரீன் வேலி’, கிண்ணம் போன்ற பள்ளம். பனி புகுந்தால் வெளியேற மனமில்லாமல் தங்கும். தனிப்பகுதியாகவும் அதற்கு அங்கீகாரம் உண்டு. ‘செபாஸ்டபோல் ஹில்ஸ்’ பெட்டலூமா வாசலுக்கு நேரே நிற்கிறது. பனியோடு காற்றும் சேரும். இங்கத்திய பினோவில் புளிப்பு முன்னால் நிற்கும். மாதுளை, சிவப்புப் பழங்கள், கொஞ்சம் தேயிலை. மிடில் ரீச்சுக்கும் இதற்கும் அறுவடை இரண்டு வாரம்கூடத் தள்ளிப்போகலாம். நடுவில் ‘சான்டா ரோசா சமவெளி’, ‘லகூனா ரிட்ஜ்’, கிழக்கே வெப்பமான ‘ஈஸ்டர்ன் ஹில்ஸ்’.

மண்ணில் பெயர் பெற்றது கோல்ட்ரிட்ஜ். செபாஸ்டபோலிலிருந்து கிரீன் வேலி வரை மஞ்சள் கலந்த நுண்மணல் வண்டல். பழைய கடலடி மணற்கல் சிதைந்து உண்டானது. கையில் எடுத்தால் மாவாக உதிரும், தண்ணீர் நிற்காது. பினோவின் வேர் ஈரத்தில் ஊறுவதை வெறுக்கும், அதனால் பொருத்தம். வைனுக்கு முன்னால் இந்த மண்ணில் கிராவன்ஸ்டீன் ஆப்பிள் விளைந்தது. இன்றும் வேலியோரத்தில் பழைய மரங்கள் நிற்கின்றன. நதியோரத்தில் பீருக்கான ஹாப்ஸும் உலர்பழத்துக்கான பிளம்மும் விளைந்தன.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கெர்ன்வில் அருகே கோர்பெல் சகோதரர்கள் 1882இல் வைன் ஆலை தொடங்கினார்கள். இன்றைய புகழுக்கு அடித்தளம் விழுந்தது 1960களின் கடைசியில். ஜோ ரோகியோலி 1968இல் வெஸ்ட்சைட் சாலையில் பினோ நட்டார். ஏறக்குறைய அதே சமயம் விமானியாக இருந்த ஜோசப் ஸ்வான் ஃபாரஸ்ட்வில் அருகே தோட்டம் போட்டார். அவர் கொடியிலிருந்து பரவிய ‘ஸ்வான்’ குளோன் இன்றும் நடப்படுகிறது. வைன் தயாரிப்பாளர் டேவிஸ் பைனம் 1973 அறுவடையில் ரோகியோலி தோட்டத்துப் பினோவைத் தோட்டத்தின் பெயரோடு வெளியிட்டார். 1976 பாரிஸ் சுவைப் போட்டியில் பிரெஞ்சு வைன்களை முந்திய சாட்டோ மோண்டலேனா ஷார்டனே நாபாவின் பெருமை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதற்குப் போன பழத்தில் கணிசமான பங்கு வெஸ்ட்சைட் சாலையின் பாசிகலூபி தோட்டத்தில் விளைந்தது. கார் கொட்டகையில் தொடங்கிய வில்லியம்ஸ் செல்யெம், ரோகியோலி பழத்தில் செய்த 1985 பினோவுக்காக 1987இல் கலிஃபோர்னிய மாநிலக் கண்காட்சியின் முதல் பரிசை வாங்கியபோது விலை ஏறத் தொடங்கியது, பிறகு இறங்கவே இல்லை.

இனி தோட்டத்துக்குள். பினோவும் ஷார்டனேயும் மார்ச்சிலேயே துளிர்த்துவிடும். அப்போது பயப்பட வேண்டியது மூடுபனிக்கு அல்ல, அது வராத இரவுக்கு. பனிப்போர்வை இருந்தால் தரையின் சூடு வானத்துக்குத் தப்பாது. ஏப்ரலில் காற்றில்லாத, வறண்ட, நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் இரவில்தான் உறைபனி விழும். சுழியத்துக்குக் கீழே ஒரு டிகிரி இறங்கினாலே பச்சைத் துளிர் கருகும். தாழ்வான தோட்டங்களில் இதற்கு வைத்திருக்கும் பாதுகாப்பு மேல்தெளிப்பான். ஏக்கருக்கு நிமிடத்துக்குச் சுமார் 190 லிட்டர் தண்ணீரைக் கொடி மேல் தெளிக்க வேண்டும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது கிலோவுக்கு 334 கிலோஜூல் வெப்பத்தை விடும். தெளிப்பு நிற்காதவரை பனிக்கட்டிக்குள் இருக்கும் துளிர் சுழியத்தில் நிற்கும், அதற்குக் கீழே போகாது.

இதில் தப்பு நடப்பது தொடக்கத்திலும் முடிவிலும். சாதாரண வெப்பமானியைப் பார்த்துத் தொடங்கினால் தாமதமாகிவிடும். காற்று வறண்டிருந்தால் தெளித்த முதல் தண்ணீர் ஆவியாகி, துளிரை இன்னும் குளிர வைக்கும். அதனால் ஈரக்குமிழ் வெப்பநிலையை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை) பார்த்து, அது சுழியத்துக்கு மேலே இருக்கும்போதே திறந்துவிட வேண்டும். அதேபோல, விடிந்து வெயில் வந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது; பனிக்கட்டி உருகி உதிரத் தொடங்கும்வரை ஓட வேண்டும். நடுவில் பம்ப் நின்றால் தெளிக்காத தோட்டத்தைவிட மோசமாகும். ஆறு மணி நேரம் ஓடினால் ஏக்கருக்கு 68,000 லிட்டருக்கு மேல். எல்லாரும் ஒரே இரவில் ஓடையிலிருந்து உறிஞ்சியதால் 2008, 2009 வசந்தங்களில் நதியிலும் கிளை ஓடைகளிலும் நீர்மட்டம் சட்டென்று இறங்கி, பாதுகாக்கப்பட்ட சால்மன், ஸ்டீல்ஹெட் மீன்குஞ்சுகள் கரையில் சிக்கிச் செத்தன. 2011இல் மாநில நீர் வாரியம் உறைபனித் தெளிப்புக்கென்றே விதி கொண்டுவந்தது. அதன் பிறகு மழைநீர்க் குட்டைகளும் காற்றாடிகளும் கூடின. காற்றாடி ஒன்று சுமார் பத்து ஏக்கருக்குப் போதும். ஆனால் தலைக்குமேல் சூடான காற்றடுக்கு இருந்தால்தான் அதைக் கீழே இறக்க முடியும். மேலேயும் குளிர்ந்த காற்றே இருந்தால் விசிறி வெறும் சத்தம்தான்.

மே மாதம் பூக்கும் நேரத்தில் பனி அதிக நாள் தங்கினால் மகரந்தச் சேர்க்கை கெடும். 15 டிகிரிக்குக் கீழே பூத்தொப்பி கழலாது, காய் பிடிக்காது. பாதி பிடித்த கொத்தில் பெரிய மணிகளும் விதையில்லாத மிளகளவு மணிகளும் கலந்து நிற்கும். விளைச்சலுக்கு நஷ்டம். வைன் செய்பவர் மட்டும் மகிழ்வார்: சின்ன மணியில் சாற்றைவிடத் தோலின் பங்கு அதிகம். ஷார்டனேயில் ‘வென்டே’ என்ற குளோன் இதற்குப் பேர்போனது. நல்ல பினோ தோட்டத்தில் ஏக்கருக்கு இரண்டு முதல் நான்கு டன். இங்கே டன் என்பது 907 கிலோ.

நோய்களில் இங்கே முதலிடம் சாம்பல் நோய்க்கு. பனியின் ஈரம்தான் காரணம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். சாம்பல் நோய்க்கு இலை நனைய வேண்டிய அவசியமே இல்லை. அதற்கு வேண்டியது 21 முதல் 30 டிகிரி வரை மிதமான சூடு. பனி உச்சச் சூட்டைத் தட்டி வைப்பதால் மதியப் பொழுது முழுக்க அந்த வரம்புக்குள்ளேயே நிற்கிறது. டேவிஸ் பல்கலைக்கழகத்தில் உருவான அபாயக் குறியீடு இதை எளிமையாகக் கணக்கிடுகிறது: அந்த வரம்புக்குள் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம் இருந்த நாளுக்கு 20 புள்ளி கூட்டு, இல்லாத நாளுக்கு 10 கழி, 35 டிகிரியைக் கால் மணி நேரம் தொட்டாலும் 10 கழி. 60க்கு மேல் போனால் கந்தகம் அடிக்கும் இடைவெளியை ஏழு நாளுக்குச் சுருக்க வேண்டும். 30க்குக் கீழே இருந்தால் இரண்டு வாரம் தாங்கும். கொதிக்கும் வெயிலுக்கு முதல்நாள் கந்தகம் அடித்தால் இலை வெந்துபோகும். காய் நிறம் மாறிய பிறகும் அடித்துக்கொண்டிருந்தால் எச்சம் தொட்டிக்குள் போய், ஈஸ்ட் அதை அழுகிய முட்டை நாற்றமாக மாற்றும்.

ஈரத்தால் வருவது கொத்து அழுகல், போட்ரைடிஸ். அது பூக்கும்போதே உள்ளே புகுந்து ஒளிந்திருக்கும். பினோ கொத்து நெருக்கமானது; மணிகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிதுங்கும்போது சாறு கசியும், அதில் பூஞ்சை எழும். மருந்தைவிட இதற்குக் காற்றோட்டம்தான் வைத்தியம். காய் பிடித்த உடனே கொத்தைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ள வேண்டும், ஆனால் காலை வெயில் படும் பக்கத்தில் மட்டும். பனி விலகுவதே பதினொரு மணிக்கு என்பதால் காலை வெயில் குறைவு, சுடாது; கொத்தின் ஈரத்தை மட்டும் உலர்த்தும். மேற்குப் பக்கத்து இலை அப்படியே குடையாக நிற்க வேண்டும்.

2010 இந்தப் பாடத்தைக் கொடூரமாக நடத்தியது. கோடை முழுக்கப் பனி விலகவே இல்லை. பழுக்காதோ, அழுகுமோ என்ற பயத்தில் பலர் இரண்டு பக்கத்து இலைகளையும் உருவினார்கள். ஆகஸ்ட் கடைசியில் திடீரென்று 38 டிகிரிக்கு மேல் அடித்தது. வெயிலே பார்க்காத தோல் அது. பல தோட்டங்களில் கொத்துகள் இரண்டே நாளில் வெந்து சுருங்கின. அடுத்த ஆண்டு 2011இல் அடி ஈரத்தால் வந்தது: குளிர்ந்த ஆண்டு, அக்டோபர் மழை, ஷார்டனேயில் அழுகல். விமர்சகர்கள் அந்த ஆண்டை ஓரங்கட்டினார்கள். கவனமாகப் பொறுக்கியவர்களின் 2011 பினோ, குறைந்த சாராயமும் தெளிந்த வாசனையுமாக, இந்தப் பள்ளத்தாக்கு உண்மையில் என்ன ருசி என்பதை மற்ற ஆண்டுகளைவிட நேராகச் சொன்னது.

அறுவடை நாளைக் குறிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய முடிவு. வெள்ளை நுரை வைனுக்கு ஆகஸ்ட் முற்பாதியிலேயே 18 முதல் 20 பிரிக்ஸில் (பிரிக்ஸ் என்பது சாற்றின் சர்க்கரை அளவு) பறித்துவிடுவார்கள். பினோவும் ஷார்டனேயும் ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் முடிய. மாதிரிக்கு நூறு, இருநூறு மணிகளை வரிசையின் இரு பக்கமும், கொத்தின் மேல், நடு, நுனி என்று கலந்து எடுக்க வேண்டும். ஓர வரிசைகளைத் தொடக் கூடாது. பனியில் நனைந்த மணியை அப்படியே நசுக்கினால் தண்ணீர் சேர்ந்து பிரிக்ஸ் குறைத்துக் காட்டும், அதனால் தினமும் ஒரே நேரத்தில், உலர்ந்த பிறகு எடுப்பது நல்லது.

பனி ஒழுங்காக வரும் வாரத்தில் ஒன்று, ஒன்றரை பிரிக்ஸ்தான் ஏறும். 23இல் பறிக்கலாமா, 24இல் பறிக்கலாமா என்று நிதானமாக ருசி பார்க்க நாள் கிடைக்கும். இங்கேதான் எனக்குப் பலரோடு சண்டை. அவகாசம் இருக்கிறதே என்று 26, 27 வரை தொங்கவிடுகிறார்கள். பிரிக்ஸை 0.6ஆல் பெருக்கினால் ஏறக்குறைய சாராய அளவு கிடைக்கும்: 24க்கு 14.4 சதவீதம், 27க்கு 16ஐத் தாண்டும். அப்புறம் தொட்டியில் தண்ணீர் ஊற்றிச் சர்க்கரையைக் குறைத்து, டார்டாரிக் அமிலம் கொட்டிப் புளிப்பைச் சரிசெய்கிறார்கள். கலிஃபோர்னியாவில் இரண்டுக்கும் அனுமதி உண்டு. ஆனால் பனி காத்துக் கொடுத்த அமிலத்தை வெயிலில் எரித்துவிட்டு, பொட்டலத்தில் வாங்கி ஊற்றுவதற்கு இந்த விலை நிலம் எதற்கு? மத்தியப் பள்ளத்தாக்கில் ஏக்கர் இதைவிட மலிவு.

பறிப்பது ராத்திரி இரண்டு மணிக்குத் தொடங்கும். தலைவிளக்கு, வளைந்த கத்தி, அரை டன் பெட்டிகள். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவைச் சேர்ந்தவர்கள். வரிசை ஒன்றை அவர்கள் முடிக்கிற வேகத்தைப் பார்த்தால் மூச்சு வாங்கும். விடியும்போது பழம் 10, 12 டிகிரியில் ஆலைக்கு வந்துவிடும்.

பினோவைக் காம்பு நீக்கி, மணிகள் முடிந்தவரை முழுதாக இருக்கும்படி, திறந்த தொட்டியில் இறக்குவார்கள். கந்தக டை ஆக்சைடு லிட்டருக்கு 40 மில்லிகிராம் வேண்டுமென்றால் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் லிட்டருக்குச் சுமார் 70 மில்லிகிராம். அந்த உப்பின் எடையில் 57 சதவீதம்தான் வேலை செய்யும் பகுதி. பிறகு மூன்று முதல் ஐந்து நாள் குளிரில் ஊறல். அழுகல் கலந்த பழத்தில் மட்டும் இந்த ஊறல் கூடாது. போட்ரைடிஸ் விட்டுப்போகும் லாக்கேஸ் நொதி நிறத்தைத் தின்று பழுப்பாக்கும். அதைக் கந்தகம் முழுதாக அடக்காது. அந்தப் பழத்தைச் சீக்கிரம் நொதிக்கவிட்டுச் சீக்கிரம் பிழிவதே வழி.

நொதித்தலின் உச்சம் 30 முதல் 32 டிகிரி. மேலே மிதக்கும் தோலை நாளுக்கு இரண்டு, மூன்று தடவை அமுக்கிவிட வேண்டும். 35ஐத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்து, சர்க்கரை மிச்சமாக நின்றுபோகும். சாற்றில் நைட்ரஜன் குறைவாக இருந்தாலும் முட்டை நாற்றம் வரும். 24 பிரிக்ஸ் சாற்றுக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி. முழுக்கொத்தையே காம்போடு போடும் பழக்கம் இப்போது கூடியிருக்கிறது. மசாலா வாசனையும் பிடிப்பும் தரும், ஆனால் காம்பின் பொட்டாசியம் அமிலத்தைக் குறைத்து பிஎச்சை ஏற்றும். புளிப்பு மிகுந்த செபாஸ்டபோல் பழத்துக்கு அது தாங்கும். மிடில் ரீச் பழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடுவது எனக்கு உவப்பில்லை.

ஒரு டன்னிலிருந்து 228 லிட்டர் பீப்பாய் இரண்டரை நிறையும். 700 முதல் 750 புட்டி தேறும். பீப்பாயில் நடக்கிற இரண்டாம் மாற்றத்தில் பாக்டீரியா மாலிக்கை மென்மையான லாக்டிக்காக மாற்றும். பனிப்பகுதிப் பழத்தில் மாலிக் அதிகம் என்பதால் வேலையும் அதிகம். நிலவறை அதிகம் குளிர்ந்தால் பாக்டீரியா தூங்கிவிடும், வசந்தம்வரை எழாது. அது முடியும்வரை கந்தகம் சேர்க்க முடியாது. பாதுகாப்பில்லாமல் கிடக்கும் வைனில் தொழுவ வாசனை தரும் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட் குடியேறும். தீர்வு சாதாரணம்தான், அறையைச் சூடாக்குவது. மின்கட்டணம் பார்த்துத் தள்ளிப்போடுவதால்தான் கெடுகிறது.

ஷார்டனேயில் இதே இரண்டாம் மாற்றம்தான் வெண்ணெய் வாசனையைக் கொடுப்பது. முழுக்க நடக்கவிட்டு, புதுப் பீப்பாயும் சேர்த்தால் கலிஃபோர்னியாவின் பழைய பாணி. பாதியில் நிறுத்தினால் எலுமிச்சைப் புளிப்பு மிஞ்சும். கிரீன் வேலிப் பழத்துக்கு முழு மாற்றம் தேவைப்படுகிறது. இல்லாவிட்டால் பல் கூசும். அதே கிரீன் வேலியைச் சேர்ந்த அயர்ன் ஹார்ஸ் தோட்டத்து நுரை வைனை 1985இல் ஜெனீவாவில் ரீகனும் கோர்பச்சேவும் சந்தித்தபோது பரிமாறினார்கள்.

பனியின் எதிர்காலம் பற்றிக் கவலைப்படக் காரணம் இருக்கிறது. பெர்க்லி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தக் கரையோரச் செம்மரக் காடுகளில் கோடைப் பனியின் அளவு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஒப்பிட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இன்னொரு பக்கம் காட்டுத்தீ. 2020 ஆகஸ்டில் வால்பிரிட்ஜ் தீ கெர்ன்வில்லுக்கு வடக்கே எரிந்தபோது பழம் கொடியில் இருந்தது. புகையின் குவாயகால் வகைச் சேர்மங்கள் தோலுக்குள் சர்க்கரையோடு பிணைந்து ஒளிந்துகொள்ளும். பழத்தைத் தின்றால் தெரியாது, நொதித்த பிறகும் வாயில் எச்சில் பட்ட பிறகும்தான் சாம்பல் ருசி கிளம்பும். அதனால் சந்தேகப் பழத்தை வாளியில் போட்டு ஒரு வாரம் நொதிக்கவைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கிறார்கள். பினோ தோலோடு நொதிப்பதால் அதற்குத்தான் அடி அதிகம். பலர் அந்த ஆண்டு பினோ வெளியிடவே இல்லை. தோலை உடனே பிரித்துவிடும் ஷார்டனே ஓரளவு தப்பியது. 2020 பினோ மலிவாகக் கிடைத்தால் ருசி பார்க்காமல் வாங்க வேண்டாம்.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பகுதியின் பெயர் போட 85 சதவீதம் பழம் அங்கே விளைந்தால் போதும். தோட்டத்தின் பெயர் போட 95 வேண்டும். ‘பினோ நுவார்’ என்று எழுத 75 சதவீதம் போதும். மிச்சத்தில் நிறத்துக்காக சிராவைக் கலந்தாலும் சட்டத்துக்கு உட்பட்டதே. மலிவான பினோ மை மாதிரி கறுத்திருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ‘சோனோமா கோஸ்ட்’ என்ற பெயரை நம்ப வேண்டாம், 1987இல் வரைந்த அந்த எல்லைக்குள் கடலே தெரியாத இடங்கள் ஏராளம். உண்மையான கடலோரத் தோட்டங்களுக்கு 2022 முதல் ‘வெஸ்ட் சோனோமா கோஸ்ட்’ என்று தனிப்பெயர் இருக்கிறது. சாராய அளவைப் பார்க்கும்போது, 14க்கு மேல் அச்சிட்ட எண்ணுக்கு ஒரு சதவீதம்வரை கூடக்குறைய இருக்க அனுமதி உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: 14.5 என்பது 15.5ஆகவும் இருக்கலாம்.

பினோவை 13 முதல் 15 டிகிரியில் குடிக்க வேண்டும். சென்னை வீட்டு அலமாரியிலிருந்து எடுத்ததானால் முதலில் குளிர்பெட்டியில் வைத்துக் குளிரவிடுங்கள். 30 டிகிரியில் ஊற்றினால் சாராய நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும், மேலே சொன்ன பாடெல்லாம் வீண். காரம் தூக்கலான சாப்பாட்டோடு 14க்கு மேற்பட்ட எந்தச் சிவப்பு வைனும் எரியும். மிளகு வறுவலுக்கு கிரீன் வேலி நுரை வைன் பொருந்தும், பினோவை வாத்துக்கோ காளானுக்கோ வையுங்கள். பள்ளத்தாக்கை ஒரே மாலையில் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், ஒரே தயாரிப்பாளரின் ஒரே ஆண்டுப் பினோவில் வெஸ்ட்சைட் சாலைத் தோட்டம் ஒன்று, செபாஸ்டபோல் பக்கத்துத் தோட்டம் ஒன்று என இரண்டு புட்டி வாங்கி, பெயரை மறைத்து ஊற்றிப் பாருங்கள். எச்சில் அதிகம் ஊறுகிற கிண்ணம் தெற்கிலிருந்து வந்தது.